இரண்டாம் பக்கத்தார் பொரித்த முட்டை

இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அடுப்பில்லாமல், எண்ணெயில்லாமல், முட்டையே இல்லாமல் முட்டை பொரித்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். வாயால் பொரித்தார். ஓடு சட்டி விளிம்பில் தட்டுப்பட்டு வெடிப்பது, வெள்ளைக்கரு எண்ணெயில் விழுந்து சீறுவது, ஓரம் முறுக முறுக அந்தச் சீறல் இறங்கிப் படபடப்பாக மாறுவது, எல்லாமே அவருடைய பல்லுக்கும் நாக்குக்கும் இடையில் நடந்தன. மணம் மட்டும் வராது. வந்தது என்று சத்தியம் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அப்போது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர்கள்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். நிவாரண அட்டையில் எழுதியும் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'இரண்டாம் பக்கம்'. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் 'இரண்டாம் பக்கத்தார்' என்றார்கள். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அண்ணை.

ஊர் மயிலிட்டி. தொண்ணூறில் அந்தக் கரையோரம் முழுவதும் எழும்பி ஓடியபோது அவரும் மனைவியும் கரவெட்டிக்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியில் கொட்டில் போட்டார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. படிப்பு நின்றுபோயிருந்தது. மின்சாரமும் நின்றுபோயிருந்தது. நிற்காமல் நடந்தது சண்டை ஒன்றுதான். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் அந்தச் சனம் வந்தது. ஆகவே ஆளாளுக்கு மூன்று நாளுக்கு வேண்டியதைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் அரிசி, ஒருவர் பிள்ளையின் சாதகம், ஒருவர் கோழி. அண்ணை கொண்டு வந்தது இங்கிலாந்துப் பாட்டுக் குழு ஒன்றின் நாலு இசைத்தட்டுகள். அதுவும் கையில் இல்லை, வாயில்.

இளவயதில் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர் அவர். ஏதோ ஓர் ஆங்கிலத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மாதக்கணக்காகக் கிடந்தபோது, குளிருக்கு ஒதுங்கிய ஒரு கடையில் அந்தக் குழுவைக் கேட்டிருக்கிறார். உலகத்துக்கே தெரிந்த குழு. பிற்காலத்தில் அவர்கள் செய்த தட்டுகள் இல்லாத நாடு இல்லை. அண்ணைக்கு அந்தப் பிற்காலம் ஆகாது. பேர் எடுப்பதற்கு முன்னர் அவர்கள் போட்ட முதல் தட்டுகள், 'சைக்கடெலிக்' என்று அண்ணை கப்பல்காரத் தோரணையில் சொல்கிற அந்த மயக்கச் சங்கீதம், அது மட்டும்தான் அவருக்குச் சங்கீதம். தாளம் பாதியில் எழும்பிப் போய்விடும். ஒரு தட்டில் குகைக்குள் சின்னச் சின்னப் பிராணிகள் கூடிக் கூச்சல் போடும். இன்னொன்றில் ஆர்மோனியம் போன்ற ஏதோ ஒன்று முங்கி முங்கிச் செத்துப்போகும்.

"பேர் எடுத்தது பிறகுதானே அண்ணை? அதுகளையெல்லோ சனம் நல்லதெண்டு சொல்லுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எட தம்பி, எங்கை போறமெண்டு தெரியாமல் நாலு பெடியள் இருட்டுக்கை தடவித் தடவிப் போனாங்கள் பார், அதுதான் பாட்டு. கரை தெரிஞ்சாப் பிறகு என்னத்துக்குப் பாடுறான்? வள்ளத்தைக் கட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதானே."

நாலு தட்டுகளில் கடைசித் தட்டின் அட்டையில் ஒரு மாடு. குழுவின் பெயரில்லை, தட்டின் பெயரில்லை, ஓர் எழுத்துக்கூட இல்லை. புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கும் மாடு மட்டும். இதை அவர் கைகளால் காற்றில் வரைந்து காட்டியபோது, பக்கத்துக் காணியில் வெங்காயம் வைத்திருந்தவருக்கு அக்கறை பிறந்துவிட்டது.

"மாடு சினையோ?"

"தெரியாது," என்றார் எங்கள் அண்ணை.

"எத்தினை போத்தில் கறக்கும்?"

"அது ரெக்கோட் அட்டையிலை கிடக்கிற மாடு."

"அட்டையிலை கிடந்தாலும் மாடு மாடுதானே. எத்தினை போத்தில் எண்டு கேளாமல் என்னெண்டு வாங்கினனீர்?"

அந்த மாட்டுத் தட்டின் முதலாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. எக்காளங்கள், சொல் இல்லாத கூட்டுப்பாட்டு, நடுவில் எல்லாம் குழம்பி மீண்டும் எழும்பும். இதை அண்ணை இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஊதுவார், கூட்டுப்பாட்டுக்கு மூக்கு. முடிந்ததும் நாங்கள் எழும்பப் பார்ப்போம். உடனே கையை நீட்டி மறிப்பார்: "உது முதலாம் பக்கந்தான். இரண்டாம் பக்கம் கிடக்கு." பெயர் வந்தது இப்படித்தான். அவர் ஒழுங்கையில் திரும்பும்போதே "இரண்டாம் பக்கம் வருகுது" என்று யாராவது குரல் கொடுக்க, சைக்கிள்கள் வேறு ஒழுங்கையால் போகும்.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் அந்த முட்டை. ஒருவன் காலையில் எழும்பிக் குசினிக்குள் போகிறான். நெருப்புக்குச்சி தட்டுகிறான். கேத்தல் கொதிக்கிறது. வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான். பொரிக்கிறான், தின்கிறான். இடையிடையே பியானோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு மனிதனின் காலைச் சாப்பாட்டை, வேறொன்றும் சேர்க்காமல், இதுவும் சங்கீதம் என்று அந்தக் குழு தட்டிலே ஏற்றிவிட்டது. எங்களிடம் அப்போது நெருப்புக்குச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. ஒரு குச்சியைச் சவர அலகால் நாலாகப் பிளந்து பாவித்த காலம். அண்ணை மட்டும் நாளுக்கு இரண்டு குச்சி தட்டினார்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். மெலிந்த ஆள், பெரிய குரல். ஒருநாள் வேலியடியில் நின்று அம்மாவிடம் முறையிட்டா: "மற்றவளவையின்ரை மனிசன்மார் குடிக்கிறாங்கள், அடிக்கிறாங்கள். போய் ஆரிட்டையும் சொல்லி அழலாம். இவர் மாடு பாடுறார். நான் உதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

அவருடைய அரங்கேற்றங்களில் பெரியது சங்கக்கடை வரிசையில் நடந்தது. கோதுமை மா லொறி வருகிறது என்று கேள்விப்பட்டு காலையிலிருந்தே சனம் நின்றது. பத்து மணிக்கு வெயில் ஏறியது, லொறி வரவில்லை. பொழுது போகாத யாரோ ஒரு பம்பல்காரன், "அண்ணை, சும்மாதானே நிக்கிறியள், இரண்டாம் பக்கத்தை ஒருக்கா விடுங்கோவன்" என்றான். அண்ணை மாவுக்குக் கொண்டுவந்த வெறும் பையைக் கூப்பனோடு மடித்து மடியில் செருகிக்கொண்டு தொடங்கினார்.

குச்சி தட்டினார். கேத்தல் வைத்தார். முட்டை உடைந்து எண்ணெயில் விழுந்தபோது வரிசை முழுவதும் ஒருமுறை எச்சில் விழுங்கியது. பொரித்து முடிந்ததும் அவருடைய தொண்டையிலிருந்து, "கறக்... கறக்... கறக்..." பிறகு 'டணார்' என்று ஏதோ ஒன்று விழும். உடனே அதே தொண்டையில் ஒரு பெண் மூக்கால் நீளமாக எதையோ முணுமுணுப்பாள்.

வரிசையில் நின்ற பென்சன்காரத் தபாலதிபருக்குப் பொறுக்கவில்லை. "நில்லும், நில்லும். உந்தக் கறக் கறக் எண்டது தேங்காய் திருவுற சத்தமெல்லோ? இங்கிலாந்திலையும் தேங்காய் திருவுவினமோ?"

"அது தேங்காயில்லை ஐயா. புது வாத்தியம். அந்தக் குழு தாங்களாச் செய்தது."

"அப்ப உந்த மனிசி என்ன சொல்லுறா?"

"இங்கிலீசு. அதுகும் பழைய இங்கிலீசு. ஒருத்தருக்கும் விளங்காது."

கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய், "அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம், அந்த முட்டையை மட்டும் விட்டிட்டுச் செய்யுங்கோ. மூத்தவன் கேட்டு அழுகிறான்" என்றா. பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல்: "விடாதையும்! எனக்கு இன்னுமொண்டு. என்ரையைக் கொஞ்சம் முறுகவிடும்." வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அந்தப் பிள்ளையின் அழுகை மட்டும் மிச்சமாகக் கேட்டது. அன்றைக்கு லொறி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதே குழுவின் பிற்காலக் கசெற் ஒன்றை எனக்குத் தந்தார். ஊரெல்லாம் புகழ்கிற கசெற். மின்சாரமில்லாத ஊரில் பாட்டுக் கேட்பதற்கு ஒரே வழி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது. நான் சுற்றினேன். அண்ணை மர வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐந்து நிமிடம் முகத்தில் ஓர் அசைவில்லை.

"காணும், நிப்பாட்டு. உதுக்காகச் சைக்கிள் சுத்துறது பாவம்."

எனக்கும் கை களைத்துவிட்டது. சுற்றும் வேகம் குறைந்தது. பாட்டுக்காரனின் குரல் குழைந்து, தடித்து, எருமை ஈனுவதுபோல இழுபட்டது. அண்ணை துள்ளி எழும்பினார். "ஆ! இப்ப வருகுது! விடாதை, மெதுவாச் சுத்து, இன்னும் மெதுவா! பாத்தியே, களைச்சால்தான் அவங்களுக்குப் பாட்டு வருகுது!" அன்று முழுக் கசெற்றையும் அரைக் களைப்பில் சுற்றினேன். அவர் சொன்னது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருடைய நாலு தட்டுகளும் எங்கே என்று கேட்டால் முகம் நிமிரும். ஓடிய அன்று அவற்றைப் பாய்ச்சீலையில் சுற்றி, தகர றங்குப்பெட்டியில் வைத்து, வள்ளத்துக்குப் பூசும் தாரான கீலைக் காய்ச்சிப் பெட்டியின் வாய், இடுக்கு எல்லாம் ஊற்றி, கிணற்றடி மண்ணில் தாட்டுவிட்டு வந்தவர் அவர். அயலெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் அடுப்பு மூட்டிக் கீல் காய்ச்சினார் என்று அக்கா சொல்லுவா.

"வள்ளம் அடைக்கிற மாதிரி அடைச்சனான்," என்பார். "கடலுக்கை போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது."

மூன்று நாள் மூன்று வருடமாகி, பத்தாகியது. மயிலிட்டி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கம்பிவேலிக்கு அப்பால் யாருக்கும் வழியில்லை. கடல்காரரான அண்ணை தோட்டக்காணிகளின் நடுவே கூலி வேலை செய்தார். கொட்டில் இரண்டு தரம் விழுந்து இரண்டு தரம் எழும்பியது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"தம்பி, அவங்கள் போட்ட ஒரு சத்தத்தையும் நான் விடேல்லை. எல்லாம் என்னட்டைப் பத்திரமாக் கிடக்கு. வீட்டை போய், தட்டைப் போட்டு, ஒருக்கா ஒத்துப் பாக்கோணும். சரியெண்டு கண்டிட்டால் பேந்து நான் செத்தாலும் காரியமில்லை."

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நாள்களில் ஒரு சிற்றிதழில் அந்தத் தட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். தட்டைக் கேட்டதில்லை, அண்ணையைக் கேட்டிருந்தேன். முட்டைக்குப் பிறகு வருகிற அந்த உராய்வு வாத்தியத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். உலோகத்துக்கும் தசைக்கும் நடுவே ஒலிக்கும் துயரம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். லண்டனிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். 'என்னிடம் அத்தட்டின் மூன்று பதிப்புகள் உள்ளன. தாங்கள் கூறும் வாத்தியம் எதிலும் இல்லையே. எந்தப் பதிப்பில் வருகிறது?'

கடிதத்தை அண்ணையிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "அவரிட்டைக் கிடக்கிறது பிற்பாடு வெட்டிக் கொத்தின பதிப்பாயிருக்கும். என்ரை முதல் பதிப்பு. மயிலிட்டியிலை கிடக்கெண்டு எழுது." அப்படியே எழுதினேன். லண்டன்காரர் பிறகு எழுதவில்லை.

யுத்தம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கைபேசிகள் வந்தன. விரலை வைத்தால் உலகத்திலுள்ள பாட்டெல்லாம் வந்தது. எத்தனையோ தரம், "அண்ணை, இதிலை கிடக்கு, போட்டுக் காட்டட்டே?" என்றிருக்கிறேன். தலையை ஆட்டிவிடுவார். "என்ரை தட்டு வீட்டிலை கிடக்கு. அதை விட்டிட்டு ஏன் மற்றவன்ரையைக் கேக்கிறன்?"

இருபத்தேழு வருடம் கழித்துத்தான் கம்பிவேலி விலகியது. போன முதல் நாள் நானும் கூடப் போனேன். வீடு இல்லை. இடிந்து கிடக்கவில்லை, இல்லவே இல்லை. அத்திவாரத்தின் கோடுகூட இல்லை. பற்றைக்காடு, நடுவில் கிணறு. அக்கா குசினி இருந்த இடம் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று காலால் மண்ணைத் தட்டித் தட்டி நடந்தா. அண்ணை ஒன்றையும் பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போய் மண்வெட்டியைப் போட்டார்.

பெட்டி இருந்தது! கீல் கறுத்து இறுகி, கல்லைப்போல இருந்தது. உளியால் ஒரு மணித்தியாலம் வெட்டினோம். திறந்தால் ஒரு சொட்டு ஈரமில்லை, ஒரு கறையான் இல்லை. பாய்ச்சீலையைப் பிரித்தோம். நிறம்கூட மங்காமல் மாடு நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் வயிறு ஊதியிருந்தது.

அட்டைக்குள்ளிருந்து அண்ணை தட்டை இழுத்தார். அது தட்டாக வரவில்லை, சட்டியாக வந்தது. மற்ற மூன்றும் அப்படியே. ஒன்றுக்குள் ஒன்று அளவாக இருந்தன.

"அடுக்குச் சட்டி," என்றா அக்கா. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கீல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினா.

"செல் குண்டு விழுந்ததோ?" என்று அண்ணை என்னைக் கேட்டார். விழுந்திருந்தால் பெட்டி இருந்திராதே அண்ணை என்றேன். கொஞ்ச நேரம் கீல் துண்டு ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினனான்," என்றார். "அவசரம். கையிலை பட்டது. எனக்குச் சுட்டது. அதுக்கும் சுடுமெண்டு நான் நினைக்கேல்லை."

குண்டு தொடவில்லை, மழை தொடவில்லை, ஆமி தொடவில்லை. இருபத்தேழு வருடம் அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அது, அவர் வாசல் படலையைத் தாண்டுவதற்கு முன்னமே, அவருடைய கையாலேயே செத்துப் போயிருந்தது.

அந்த நேரத்தில் நான் செய்த வேலையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மனிதரைத் தேற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் கைபேசியை எடுத்தேன். "அண்ணை, இதிலை கேட்டுப் பாப்பம்."

இம்முறை அவர் தலையாட்டவில்லை. சத்தம் போதாது என்று, வளைந்துபோன அந்தத் தட்டுக்குள்ளேயே கைபேசியை வைத்தோம். கொஞ்சம் பெருகிக் கேட்டது. முதலில் ஒரு பெண் சிங்களத்தில் முகப்பூச்சு விற்றாள். அண்ணை விரலை உயர்த்தி, "உது முந்தி இல்லை, ஆனால் மோசமில்லை" என்றார். பிறகு எக்காளம் எழும்பியது.

முதலாம் பக்கம் முழுவதும் அவர் ஒரு விரலால் காற்றைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரைக் கணம் முந்தி அவருடைய விரல் திரும்பியது. ஒன்றும் பிசகவில்லை. கூட்டுப்பாட்டு வந்தபோது என்னைப் பார்த்து, "சொன்னனானெல்லே" என்று வாயை அசைத்தார். அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு வெளிச்சம்.

இரண்டாம் பக்கம். கடைசி உருப்படி. குச்சி. கேத்தல். முணுமுணுப்பு. முட்டை. அவர் தலையைச் சரித்து, அடுத்ததற்காகக் காத்திருந்தார்.

பியானோ வந்தது.

"திருப்பிப் போடு."

போட்டேன். முட்டை. பியானோ.

"இன்னொருக்கா."

மூன்றாம் தரமும் அதுதான். "எங்கை அந்த வாத்தியம்?" என்றார். "உதிலை வெட்டிப்போட்டாங்கள். கறக் கறக் எண்டு வருமே, பிறகு விழுமே..."

பின்னால் நின்ற அக்கா இத்தனை வருடத்தில் முதல் தரமாகப் பாட்டைக் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். "கறக் கறக் எண்டதோ?" என்றா. "இஞ்சேருங்கோ, அது நானெல்லே. காலைமையிலை நீங்கள் இஞ்சை முன் விறாந்தையிலை தட்டைப் போடேக்கை நான் பின்னாலை குசினியிலை சம்பலுக்குத் தேங்காய் திருவுறனான்."

அண்ணை திரும்பவில்லை. "அப்ப விழுகிற சத்தம்?"

"சட்டி. ஒருநாளோ? உங்கடை கண்டறியாத மாட்டுப்பாட்டாலை வாற விசரிலை நான்தான் ஒவ்வொரு நாளும் போடுறனான்."

"மனிசியின்ரை குரல்?"

"உங்களை ஏசிப் பேசினது."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையிலேயே வந்தது, வாயைப் பொத்தினேன். அண்ணை சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து, துடைத்து, பக்குவமாக என் கையில் தந்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் சனத்துக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார்.

அதுதான் அண்ணை நல்ல இடம் என்றேன். உங்கள் வீடு முழுக்க அதற்குள் இருக்கிறதே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் அவருக்குள் போகவில்லை. அந்த நாலு பெடியள் கஷ்டப்பட்டுத் தடவித் தடவிச் செய்ததில் தன்னுடைய குசினியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாராம். அது களவு போன்ற ஒரு வேலையாம்.

அடுத்த கிழமை, அதற்குள் அந்தக் காணியிலேயே ஒரு கொட்டில் போட்டுத் தங்கிவிட்டவர், வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக, மயிலிட்டியிலிருந்து பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, கரவெட்டியில் வந்து இறங்கினார். கேட்டவர்களிடம் எல்லாம் போய்த் திருத்திச் சொல்ல வேண்டுமாம். நானும் கூட நடந்தேன். வேறு என்ன செய்வது?

வெங்காயக்காரர் கட்டிலில் கிடந்தார். அண்ணை கதிரையின் நுனியில் இருந்து முறையாகச் சொன்னார்: "அண்ணை, அந்த இரண்டாம் பக்கத்திலை முட்டைக்குப் பிறகு ஒரு பொம்பிளை கதைக்கிறதெண்டு நான் செய்து காட்டினனான். அது இல்லை. பிழை. மன்னிக்கோணும்." வெங்காயக்காரர் முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பி, "அந்த மாடு என்னமாதிரி, நிக்குதோ?" என்றார்.

தபாலதிபர் செத்துப் பத்து வருடம். அவருடைய மகள், "அப்பாட்டைச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லுங்கோ" என்று தேத்தண்ணி தந்தா. கேட்டு முடிந்ததும், "அப்ப அப்பா தேங்காய் எண்டு சொன்னது சரிதானே?" என்றா. "ஓம் பிள்ளை, ஐயா சொன்னதுதான் சரி" என்று எழும்பி நின்று சொன்னார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தும் ஒருமுறை சொன்னார்.

சங்கக்கடை வரிசையில் பிள்ளையோடு நின்ற தாயைத் தேடிக் கண்டுபிடித்தோம். மூத்தவன் கனடாவில். அவவுக்கு ஒன்றும் நினைவில்லை. "எந்த வரிசை அண்ணை? நாங்கள் எத்தினை வரிசையிலை நிண்டனாங்கள்" என்றா. மற்ற வீடுகளில் பூட்டுத் தொங்கியது, அல்லது வேறு ஆள்கள் இருந்தார்கள். பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். திருத்திச் சொல்ல ஆள் இல்லை. அவர் செய்ததைக் காது கொடுத்துக் கேட்டவர்களே ஊரில் மிச்சமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்யவேயில்லை. இரண்டாம் பக்கம் மட்டுமல்ல, ஒரு பக்கமும். கேட்டால், "எனக்குச் சரியாத் தெரியாது தம்பி" என்பார். தகரக் கூரை போட்ட புது வீட்டின் முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு டீசல் விலை கதைக்கிறார், முழங்கால் நோவு கதைக்கிறார், இழுவைமடி வலைக்காரர் கடலை அள்ளிக்கொண்டு போவதைக் கதைக்கிறார். எல்லோரையும் போலக் கதைக்கிறார். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தாங்குவதில்லை.

போன மாதம் போனபோது அக்கா என்னைப் படலைவரை கூட்டிக்கொண்டு வந்தா. ஐம்பது வருடம் அந்த மாட்டைத் திட்டிய அதே பெரிய குரலைச் சுருக்கி வைத்துக்கொண்டு கதைத்தா.

"தம்பி, மனிசன் சத்தமில்லாமல் கிடக்கிறார். வீட்டுக்கை எனக்குப் பயமாக் கிடக்கு. நீ ஒருக்காச் சொல்லன். நீ சொன்னால் செய்வார்."

"சொல்லாமலோ அக்கா? ஒவ்வொரு முறையும் சொல்லுறன்."

"நானும் என்னாலை ஏண்டதெல்லாம் செய்து பாத்திட்டன். காலைமையிலை தேவையில்லாமல் தேங்காய் திருவுறன். சம்பல் தின்ன ரண்டு பேர், நான் மூண்டு தேங்காய் திருவுறன். நேற்று வேணுமெண்டு சட்டியைப் போட்டன். எழும்பி வந்தார். எடுத்தார். கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போயிட்டார். ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. என்னைப் பேசக்கூட இல்லை."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் அந்தத் தட்டை எல்லா விதத்திலும் கேட்டுவிட்டேன். முதல் பதிப்பு, துப்புரவாக்கிய பதிப்பு, மேடையில் வாசித்தது, யாரோ ஒளித்துப் பதிந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காக, காதில் மாட்டிக்கொண்டு, கடைசி வரை. முடிவாகச் சொல்கிறேன், அந்தக் குழுவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. முட்டை பொரிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள், பாவங்கள்.

இதை அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பத்திரிகையெல்லாம் தொடமாட்டார். அக்கா வாசிப்பா. உரத்துத்தான் வாசிப்பா.